ஏழாம் அத்தியாயம்: அம்மா கைக்கும் பொருந்தும் வாக்கி-டாக்கி

கோபாரிலிருந்து வில்கேனியா வரை ஆஸ்திரேலியாவின் பேரியர் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 260 கிலோமீட்டர். நடுவில் பெயர் சொல்லும்படி ஊர் கிடையாது. புரோக்கன் ஹில்லுக்கு நாங்கள் முதன்முதலாகப் போனபோது இரண்டு கார்கள். முன்னால் நாங்கள், பின்னால் அண்ணன், மதினி, பிள்ளைகள், ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்த அம்மா. சாலையோரத்தில் காட்டு ஆடுகளையும் ஈமுக்களையும் எண்ணிக்கொண்டே போனதில், பின்கண்ணாடியில் அண்ணன் கார் இல்லை என்பதைக் கவனிக்கவே நேரமாகிவிட்டது. செல்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. வண்டியைத் திருப்பி 30 கிலோமீட்டருக்கு மேல் வந்தால், வெயிலில் அண்ணன் டயர் மாற்றிக்கொண்டிருக்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மதினிதான், "பின்னால ஆளு வருதான்னு ஒரு தடவ திரும்பிப் பாக்கமாட்டியளா?" என்றார்.

சிட்னிக்குத் திரும்பிய அதே வாரம் வாக்கி-டாக்கி வாங்கினோம். அவசரத்தில் கண்ணில் பட்ட முதல் பெட்டியை எடுத்தோம்: நான்கு கருவிகள், அரை வாட், மஞ்சளும் நீலமுமாய் அழகாக இருந்தன. முதல் முகாமிலேயே பிக்னிக் பெஞ்சிலிருந்து ஒன்று விழுந்தது. பின்மூடி தெறித்து, மூன்று பேட்டரியும் புல்லுக்குள் உருண்டு போயின. இரண்டைக் கண்டுபிடித்தோம். அதற்குப் பிறகு இந்தப் பத்து வருடத்தில் ஏழெட்டுக் கருவிகள் எங்கள் வீட்டுக்குள் வந்து போயிருக்கின்றன. இனி நான் சொல்லப்போவதெல்லாம் அவற்றின் பலாபலன்தான்.

முதலில், எந்த சிபி?

சிபி என்றால் பொதுமக்கள் உரிமச் சோதனை எழுதாமல் பேச ஒதுக்கிய அலைவரிசை. அமெரிக்கப் படங்களில் லாரி ஓட்டுநர்கள் சுருள் வயர் மைக்கைப் பிடித்துப் பேசுவார்களே, அது 27 மெகாஹெர்ட்ஸ் சிபி. அங்கே 1958இல் தொடங்கியது. 1977இல் 23 சானல்கள் 40 ஆயின. ஆஸ்திரேலியாவிலும் 27 மெகாஹெர்ட்ஸ் உண்டு, ஆனால் சாலையில் அதைக் கேட்பவர் குறைவு. இங்கே எல்லோரும் பேசுவது 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய யூஎச்எஃப் சிபியில். 1977இல் 40 சானலோடு ஆரம்பித்தார்கள். 2011இல் சானல் அகலத்தைப் பாதியாக்கி 80 ஆக்கினார்கள். உரிமக் கட்டணம் இல்லை, பெயர் பதிய வேண்டியதில்லை. நியூசிலாந்திலும் இதே அலைவரிசைதான்.

கையில் பிடிக்கும் கருவிக்கு யூஎச்எஃப் ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆன்டெனா நன்றாக வேலை செய்ய, அலைநீளத்தில் கால்வாசி நீளமாவது இருக்க வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11 மீட்டர்; கால்வாசி என்றால் ஆள் உயரத்தையும் தாண்டி 2.75 மீட்டர். 477இல் அலைநீளம் 63 சென்டிமீட்டர்தான். கால்வாசி 16 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. 27 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவிகள் ஏமாற்றம் தருவதற்கு இதுதான் காரணம். லாரியின் மேல் நீளக் கம்பி நட்டால் அவை வேறு ஜாதி.

இதில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் அங்கே மலிவாகக் கிடைத்தது என்று ஒரு ஜோடி குடும்ப வாக்கி-டாக்கி வாங்கி வருவார். அவை 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. ஐரோப்பாவில் வாங்கியவை 446. இங்கே இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் சிபியோடு அவை பேசவும் பேசாது. பழைய பொருள் விற்கும் இடத்தில் 40 சானல் யூஎச்எஃப் மலிவாகக் கிடைத்தால் அது பேசும், ஆனால் அகலச் சானல் காலத்துக் கருவி என்பதால் புதிய கருவியில் அதன் குரல் கரகரவென்று உடைந்து கேட்கும். 80 சானல் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

யார் கையில் இருக்கப்போகிறது?

கடைக்காரர் முதலில் எத்தனை வாட் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், குடும்பத்தில் இதை யார் யார் பிடிக்கப்போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. நாங்கள் இரண்டாவது முறை வாங்கியது உண்மையிலேயே நல்ல கருவி: 5 வாட், தண்ணீர் புகாது, கூரையிலிருந்து போட்டாலும் உடையாது. ஆனால் அதை வேலை வாங்க என் கணவர் ஒருவரால்தான் முடிந்தது.

அம்மாவிடம் கொடுத்துவிட்டு நாங்கள் ஓடைப்பக்கம் போனோம். "அம்மா, கேக்குதா?" பதில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் அம்மா ரேடியோவைச் செல்பேசி மாதிரி காதோடு ஒட்டிவைத்து, "கேக்குது, கேக்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பேசும் பொத்தானை அமுக்கவில்லை. அமுக்கச் சொல்லிக் கொடுத்ததும் விடவில்லை. அமுக்கியபடியே எங்கள் பதிலுக்குக் காத்திருந்தார். ஒருவர் அமுக்கிக்கொண்டிருக்கும்வரை அந்தச் சானலில் மற்ற யாரும் பேச முடியாது. பிறகு அதை மடியில் வைத்து அதன்மேல் கை ஊன்றிக்கொண்டு மதினியோடு பேச ஆரம்பித்தார். என் மாமியார் வீட்டைப் பற்றிய அந்த மூன்று நிமிடப் பேச்சு முழுவதையும் என் கணவர் ஓடைக்கரையில் நின்று கேட்டார்.

மூன்று நிமிடத்தோடு நின்றது கருவியின் புண்ணியம். தொடர்ந்து அமுக்கியே இருந்தால் தானாகத் துண்டிக்கும் நேரக் கட்டுப்பாடு இவற்றில் இருக்கும்; பல கருவிகளில் அது 3 நிமிடம்.

அன்றிலிருந்து கடையில் நான் முதலில் பார்ப்பது பேசும் பொத்தானைத்தான். மற்ற பொத்தான்களிலிருந்து தொட்ட மாத்திரத்தில் பிரித்தறிய முடிகிறதா? அமுக்கும்போது ஒரு சொடுக்கு விரலுக்குத் தெரிகிறதா? மூட்டுவலி உள்ள கட்டைவிரலுக்கு அது எவ்வளவு கனம்? ரப்பர் உறை தடித்த கருவிகளில் இந்தப் பொத்தான் சில சமயம் கல்லாக இருக்கும். முரட்டுத்தனத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது. அடுத்து, ஒலிக்குத் திருகும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். மெனுவுக்குள் போய் ஒலியைக் கூட்டச் சொன்னால் வயதானவர்கள் விட்டுவிடுவார்கள். மூன்றாவது, சாவிப்பூட்டு: சானல் பொத்தான் தற்செயலாகப் பட்டு மாறாதபடி பூட்டும் வசதி. பிள்ளைகள் கையில் போகும் கருவிக்கு இது இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு 5 வாட் கருவி பெரும்பாலும் கனமானது. பேட்டரியோடு 300 கிராம் வரும்; கழுத்தில் தொங்கினால் ஓடும்போது நெஞ்சில் இடிக்கும், அதனால் கழற்றி எங்காவது வைத்துவிடுவார்கள். பிறகு எங்கே வைத்தோம் என்று தேடுவது நமக்கு வேலை. அவர்களுக்கு 1 அல்லது 2 வாட்டில் கைக்கடக்கமாக, தண்ணீரில் மிதக்கும் ஒன்று போதும். நிறம் சிவப்போ ஆரஞ்சோ இருக்கட்டும். கறுப்பும் காட்டுப் பச்சையும் பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் புதருக்குள் விழுந்தால் அவ்வளவுதான்.

வேறு வேறு வாட், வேறு வேறு கம்பெனி என்று கலந்து வாங்கினாலும் எல்லாம் ஒன்றோடொன்று பேசும். சானல் எல்லாவற்றிலும் ஒன்றே. எங்கள் வீட்டில் இப்போது 5 வாட் இரண்டு, 2 வாட் இரண்டு. சார்ஜ் செய்யும் முறை மட்டும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

வாட்டும் தூரமும்

பெட்டியின் மேல் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஒரு மலைமேல் ஒருவரும் இன்னொரு மலைமேல் இன்னொருவரும் நின்று, நடுவில் ஒரு மரம்கூட மறைக்காதபோது கிடைக்கும் தூரம்.

யூஎச்எஃப் அலை கிட்டத்தட்டப் பார்வை போகும் வழியில்தான் போகும். பூமியின் வளைவை வைத்து ஒரு எளிய கணக்கு இருக்கிறது: ஆன்டெனா இருக்கும் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அதன் அடிவானம் கிலோமீட்டரில் வரும். தரையில் நிற்பவர் கையில் ரேடியோ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் அதே 5. இரண்டையும் கூட்டினால் 10. இது வழுக்கைத் தலை மாதிரி வெட்டவெளியில் கிடைக்கும் உச்சவரம்பு. எத்தனை வாட் ஏற்றினாலும் தரையில் நின்றபடி இதைத் தாண்டுவது கஷ்டம். அதே ஆள் 100 மீட்டர்க் குன்றில் ஏறினால் அவர் பக்க அடிவானம் மட்டுமே 41 கிலோமீட்டர். புது ரேடியோ வாங்குவதைவிடப் பக்கத்திலிருக்கும் மேட்டில் ஏறுவது நல்லது என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

என் அனுபவத்தில் வந்த தூரங்கள் இவை. டூங்காபி மாதிரி வீடுகள் அடர்ந்த புறநகரில் கையிலிருந்து கைக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர். யூகலிப்டஸ் காட்டுப் பள்ளத்தில், மழை பெய்து இலையெல்லாம் ஈரமாக இருந்தால், அதுவும் இல்லை. மேற்கே தட்டைச் சமவெளியில் நாலைந்து கிலோமீட்டர் தாராளமாக. ப்ளூ மவுன்டன்ஸில் ஒரு நோக்குமுனையிலிருந்து பள்ளத்தாக்குக்கு எதிரே இருந்தவரோடு பக்கத்து அறையில் இருப்பதுபோலப் பேசியிருக்கிறேன். பாறைக்கு மறுபக்கம் இருநூறு மீட்டரில் இருந்த மகனோடு பேச முடியாமல் கத்தியும் இருக்கிறேன்.

அப்படியானால் 5 வாட் வீணா? இல்லை. சட்டம் அனுமதிக்கும் உச்சம் அதுதான். அரை வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் மரங்களுக்கு நடுவிலும், மேட்டுக்கு அடுத்த சரிவிலும் நன்றாகத் தெரியும். ஆனால் திறந்தவெளியில்கூடத் தூரம் இரட்டிக்க வாட் நான்கு மடங்காக வேண்டும். 2 வாட்டிலிருந்து 5 வாட்டுக்குப் போவது இரண்டரை மடங்குதான்; தூரம் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும், காட்டில் அதுவும் வராது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஆன்டெனாவுக்கு ஒதுக்குவது கெட்டிக்காரத்தனம். பேன்ட் பையில் அடங்கும் 5 சென்டிமீட்டர்க் குட்டை ஆன்டெனாவோடு வருகிற 5 வாட்டைவிட, ஒழுங்கான 16 சென்டிமீட்டர் ஆன்டெனாவோடு வருகிற குறைந்த வாட் பல இடங்களில் சமாளித்துவிடும். கழற்றி மாற்றக்கூடிய ஆன்டெனாவா என்று பாருங்கள். மலிவுக் கருவிகளில் பெரும்பாலும் மாற்ற முடியாது; ஆன்டெனா உடைந்தால் கருவியே போச்சு.

இன்னொன்று: காருக்குள் உட்கார்ந்து கைக்கருவியில் பேசுவது தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி. இரண்டு கார்கள் முன்பின்னாகப் போக அது போதும். வருடத்துக்கு நாலைந்து முறை வெளியூர் போகிறவர்கள் காரில் நிலையாக ஒன்றைப் பொருத்தி ஆன்டெனாவை வெளியே வைப்பதே சரி. அது வேறு அத்தியாயம். கைக்கருவியை வண்டியில் வைத்துக்கொள்வதானால் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.

முரட்டுக் கருவி என்றால்

பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்றிருப்பதை விடுங்கள். ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். முதல் எண் தூசிக்கு, உச்சம் 6. இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி67 என்றால் தூசி உள்ளே போகாது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபி54 என்றால் தூசி கொஞ்சம் போகலாம். நாலாபக்கமும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், மூழ்கினால் பொறுப்பில்லை.

ஏமாறும் இடம் ஐபிஎக்ஸ்7. நடுவிலிருக்கும் எக்ஸ் என்பது தூசிக்கு மதிப்பெண் எதுவும் தரவில்லை என்று பொருள். படகில் போகிறவருக்கு அது பரவாயில்லை. இந்த நாட்டின் உள்நிலத்தில் ஒரு கருவியைக் கொல்வது தண்ணீரைவிடத் தூசிதான். டால்கம் பவுடர் மாதிரி நைசான செம்மண் தூசி. வண்டிக் கதவின் ரப்பரையே தாண்டி உள்ளே வந்து மசாலா டப்பாவுக்குள்ளும் இருக்கும். நியூகாசல் பக்கத்து ஸ்டாக்டன் மணல்மேடுகளுக்கு ஒருமுறை போய்வந்தவர்களுக்குக் கடற்கரை மணல் எதற்குள்ளெல்லாம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் எண் 6 இருக்கட்டும்.

அந்தச் சோதனை நடப்பது அசையாத நல்ல தண்ணீரில் என்பதும் நினைவிருக்கட்டும். கடல்நீர் வேறு. உப்புத் தண்ணீரில் விழுந்தால் எல்லா மூடிகளும் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழாயை மெல்லத் திறந்து நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். பீய்ச்சியடிக்கும் குழாய் வேண்டாம். மூழ்குவதைத் தாங்கும் கருவி, பீய்ச்சுவதையும் தாங்கும் என்று அந்த எண் வாக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த மந்திரம் 'மில்-எஸ்டிடி-810'. அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைத் தொகுப்பு இது. கடைசியில் ஜி, எச் என்று பதிப்பெழுத்து இருக்கும். ராணுவம் அந்த ரேடியோவை வாங்கிப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்தது என்று அர்த்தமில்லை. தொகுப்பில் எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்று தயாரிப்பாளரே முடிவு செய்யலாம். வீழ்ச்சிச் சோதனை என்றால் 122 சென்டிமீட்டரிலிருந்து 26 தடவை போடுவார்கள். கான்கிரீட் மேல் விரித்த 5 சென்டிமீட்டர் தடித்த ஒட்டுப்பலகையின் மேல். அந்த 26 தடவையை ஐந்து மாதிரிகள் வரை பங்கிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. வெறும் கருங்கல்லில் உங்கள் மகன் ஒரே கருவியைப் போடும் கணக்கு அதில் இல்லை. அந்த எழுத்தே இல்லாததைவிட இருப்பது மேல். அதை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள்.

நான் கண்டவரை இந்தக் கருவிகளின் உடல் உடைவதில்லை. ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன உறுப்புகள்தான் உடைகின்றன. எங்கள் வீட்டில் முதலில் போனது சார்ஜ் துளையை மூடும் ரப்பர் நாக்கு. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். மெல்லிய ரப்பர் வால் ஒன்றால் உடலோடு தொங்கும். தினமும் திறந்து மூடியதில் மூன்றாம் மாதம் வால் அறுந்தது, நாலாம் மாதம் நாக்கு தொலைந்தது. அது மூடியிருந்தால்தான் ஐபி67; இல்லாவிட்டால் பெட்டியில் இருந்த எண்ணுக்கும் கையில் இருக்கும் கருவிக்கும் சம்பந்தமில்லை. விற்ற கடையில் கேட்டேன். அந்த ரப்பர் தனியாகக் கிடைக்காது, வேண்டுமானால் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆறு டாலர்கூடப் பெறாத ரப்பருக்காக!

அதனால் தொட்டிலில் நிறுத்திச் சார்ஜ் ஏற்றும் கருவியையே நான் விரும்புகிறேன். வெளியே தெரியும் உலோகப் புள்ளிகள் வழியே மின்சாரம் ஏறும். எதையும் திறக்க வேண்டியதில்லை. அந்தப் புள்ளிகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும், கடற்கரைக்குப் போய்வந்தால் சீக்கிரமே பிடிக்கும். பழைய துணியால் துடைத்தால் போதும். தொட்டிலுக்கு மின்சாரம் யூஎஸ்பி வழியாக வருமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவர்ப் பிளக்கை மட்டும் நம்பும் தொட்டில் முகாமில் உதவாது.

அடுத்து இடுப்புக் கிளிப். நேராக இழுத்துப் பாருங்கள், பக்கவாட்டில் திருகிப் பாருங்கள். திருகாணி போட்டு இறுக்கியது நல்லது; சொருகுவது சீட் பெல்ட்டில் மாட்டியே உடையும். பேட்டரிப் பூட்டை ஒரே விரலால் தற்செயலாகத் திறக்க முடிந்தால், விழும்போதும் திறந்துகொள்ளும். ஆன்டெனாவின் அடியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். பிள்ளைகள் கருவியைத் தூக்குவது ஆன்டெனாவைப் பிடித்துத்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள், ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். ஐபி67 என்று விற்றதை அப்படிச் சோதிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. என் கணவர் இதைப் பார்க்க மாட்டார். வீட்டைவிட்டு வெளியே போய்விடுவார்.

பேட்டரி

'60 மணி நேரம்' என்று போட்டிருந்தால் பக்கத்தில் சின்ன எழுத்தில் 5-5-90 என்றோ அதுபோலவோ இருக்கும். நூறு பங்கு நேரத்தில் 5 பங்கு பேசி, 5 பங்கு கேட்டு, 90 பங்கு சும்மா இருந்தால் அத்தனை மணி நேரம் வரும். பிள்ளைகள் கையில் அந்த விகிதம் எங்கே நிற்கும்? பாதியை எதிர்பாருங்கள். முகாமுக்குள் பேச வாட்டைக் குறைத்து வைத்துக்கொள்ளும் பொத்தான் இருந்தால் பேட்டரி நிற்கும். 5 வாட்டை மலையேறும்போது போட்டால் போதும்.

வெயில் காலத்தில் பூட்டிய காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி சூட்டில் உப்பிவிடும். விமானத்தில் போகும்போது தனியாக இருக்கும் உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது.

சானலும் டோனும்

சட்டப்படி நினைவில் வைக்க வேண்டியவை கொஞ்சம். 5, 35 அவசரத்துக்கு மட்டும். விளையாட்டாகப் பேசினால் கடும் தண்டனை உண்டு. 22, 23 கருவிகள் தரவு அனுப்புவதற்கு, குரலுக்கு அல்ல. 61, 62, 63 பக்கம் போகாதீர்கள். ஒன்று முதல் எட்டு, 31 முதல் 38, 41 முதல் 48, 71 முதல் 78 ஆகியவை மலைமேல் இருந்து குரலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர்களுக்கு. நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் 40, கேரவன்காரர்கள் 18. குடும்பப் பேச்சுக்கு 49 முதல் 60 வரை, 64 முதல் 70 வரை பெரும்பாலும் காலியாக இருக்கும். தமிழில் பேசலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 53.5 மீட்டர் வரை நீளும் ரோடு டிரெயினை முந்தப்போகும்போது மட்டும் 40க்குப் போய் ஆங்கிலத்தில் அந்த ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முந்துங்கள். 40ஐ ஸ்பீக்கரில் போட்டுவைத்தால் பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகள் புதுப்புது வார்த்தைகளும் கற்றுக்கொள்வார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

'38 ரகசியக் குறியீடுகள்' என்று விற்பது ரகசியம் அல்ல. சிடிசிஎஸ்எஸ் என்ற அந்த டோன், வேறு ஆட்களின் குரல் உங்கள் ஸ்பீக்கரில் வராமல் அடைக்கும், அவ்வளவுதான். உங்கள் குரல் அந்தச் சானலில் இருக்கும் எல்லோருக்கும் போகும். வீட்டு முகவரி, வீடு பூட்டியிருக்கிற விவரம், கார்டு எண் இவற்றை ரேடியோவில் சொல்லாதீர்கள். கூட்டம் மிகுந்த முகாமில் டோன் உதவும். ஆனால் ஒரு கருவியில் மட்டும் போட்டு மற்றதில் போட மறந்தால் ஒருபக்கம் செவிடாகிவிடும். எங்களுக்கு நடந்தது அதைவிட மோசம்: சானல் 3இல் பேசலாம் என்று முடிவு செய்து, ஒன்றில் டூப்ளெக்ஸ் பொத்தான் பட்டுவிட்டது. ரிப்பீட்டருக்காக அது கேட்பது 3இல், அனுப்புவது 33இல். அரை நாள் அண்ணன்மேல் கோபத்தில் இருந்தேன். குடும்பத்துக்கு ரிப்பீட்டர்ச் சானல்களே வேண்டாம் என்று அன்று முடிவெடுத்தோம்.

இது செய்யாத வேலை

அவசரச் சானலை யாரோ எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கேட்கும் தூரத்தில் யாராவது இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்கு நடக்கப் போகிறவர்கள் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் பிஎல்பி ஒன்றைத் தனியாக வாங்கி, கடல்சார் பாதுகாப்பு ஆணையமான ஆம்சாவில் இலவசமாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசி அலை இருக்கும் இடத்தில் 000 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

இன்னொரு வேலையும் இது செய்யாது. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் மாமா, "வரும்போது ரெண்டு வாங்கிட்டு வா, கூட்டத்துல ஆளத் தேட வசதியா இருக்கும்" என்று போனில் கேட்டார். முடியாது மாமா என்றேன். இந்தியாவில் உரிமமின்றிப் பேச 2018இல் திறந்துவிட்டது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. 477 அதில் வராது. அனுமதியில்லாத வாக்கி-டாக்கிகளை இணையக் கடைகள் விற்பது குறித்து 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்த விஷயம் இது. மாமாவுக்கு வருத்தம்தான்.

புறப்படுவதற்கு முந்தின நாள்

எல்லாக் கருவிகளையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, வீட்டு வாசலில் எல்லோரும் ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு நில்லுங்கள். சானல் ஒன்றா, டோன் எல்லாவற்றிலும் அணைந்திருக்கிறதா, டூப்ளெக்ஸ் அணைந்திருக்கிறதா, சாவிப்பூட்டு விழுந்ததா. பிறகு ஒவ்வொருவராகத் தெருமுனைக்குப் போய்ப் பேச வேண்டும். வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து, அமுக்கி, ஒரு நொடி விட்டுப் பேசினால் முதல் வார்த்தை வெட்டுப்படாது. முடித்ததும் பொத்தானை விட வேண்டும்.

அம்மாவின் கருவிக்குப் பின்புறம் வெள்ளைப் பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருக்கிறது. அடுத்த வருடம் வந்தபோது அம்மாவே தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டது: "54. அமுக்கு. ஒண்ணு எண்ணு. பேசு. விடு." கடைசி வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு.